கொண்டாடாத கோல்

கோல் போட்டவன் என்ன செய்வான்? ஓடுவான். கத்துவான். சட்டையைக் கழற்றிச் சுழற்றுவான். கூட ஆடுகிறவர்கள் எல்லாம் அவன் முதுகில் ஏறிக் குதிப்பார்கள். உலகம் பூரா இதுதான் வழக்கம்.

1974, ஏப்ரல் 27. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். மேட்ச் முடிய இன்னும் பத்து நிமிஷம்கூட இல்லை. மான்செஸ்டர் சிட்டி டீமின் ஸ்ட்ரைக்கர் ஒருவர் கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பந்து அவர் காலடிக்கு வருகிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிகாலால் பின்பக்கமாக லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். பந்து வலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கோல்!

சிட்டி ஆட்டக்காரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள். அடித்தவரோ கையைத் தூக்கவில்லை. சிரிக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறார். சற்று நேரத்தில் அவருக்குப் பதிலாக இன்னொருவர் உள்ளே வர, இவர் வெளியே போய்விடுகிறார்.

பெயர் டெனிஸ் லா. வயது 34. எதிரே ஆடிய டீம் மான்செஸ்டர் யுனைடெட். அந்த டீமுக்காக அவர் பதினோரு வருஷம் ஆடியிருக்கிறார். 404 மேட்ச், 237 கோல். அதே மைதானத்தில், அதே ஜனங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ராஜா'.

'தன்னை வளர்த்த டீமை முதல் டிவிஷனிலிருந்து கீழே தள்ளியவர்' என்று ஐம்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. உண்மையா? அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அதற்கு முன் அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் அபர்தீன். கருங்கல் கட்டடங்களும் கடல் காற்றும் மீன் வாடையும் கலந்த ஊர். 1940 பிப்ரவரி 24 அன்று அங்கே ஒரு மீனவர் வீட்டில் பிறந்தார் டெனிஸ் லா. வீட்டில் ஏழு குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி. அப்பா மீன்பிடிக் கப்பலில் ஏறி வட கடலுக்குப் போனால் வாரக்கடைசியில்தான் வீடு திரும்புவார். வீட்டில் வறுமை. பையனின் முதல் ஃபுட்பால் ஷூவே பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பழையது.

படிப்பு நன்றாக வந்தது. ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. நம்மூராக இருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார்கள். பையன் விசாரித்தான். அங்கே ஃபுட்பால் கிடையாது, ரக்பிதான் என்றார்கள். 'அப்படியென்றால் எனக்கு வேண்டாம்' என்று ஃபுட்பால் ஆடும் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

ஒரே ஒரு குறை. மாறுகண். கனமான கண்ணாடி போட்டிருப்பான். ஆடும்போது கண்ணாடியைக் கழற்ற வேண்டுமே? கழற்றிவிட்டு, கோணலான அந்த ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆடுவான். ஒற்றைக் கண்ணால் பந்தைப் பார்த்து, ஒற்றைக் கண்ணால் கோல் அடித்துக்கொண்டிருந்தான்.

1955ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் இவனைப் பார்க்க விரும்பியது. 15 வயதுப் பையன் வந்து நின்றான். ஒல்லிக்குச்சி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி. பார்த்த மேனேஜருக்குப் பகீரென்றது. இவனா ஃபுட்பால் ஆடப் போகிறான் என்று நொந்தே போனார். மைதானத்தில் இறக்கிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்.

கிளப்பில் சேர்ந்த பிறகு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மாறுகண் சரியானது. மனிதர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் தைரியம் அப்போதுதான் வந்ததாகப் பின்னால் லாவே சொல்லியிருக்கிறார். அந்த கிளப்பில் ஒரு கோச் இருந்தார். பில் ஷாங்க்லி. பிற்காலத்தில் லிவர்பூல் கிளப்பைத் தூக்கி நிறுத்தினாரே, அவரேதான். பையனின் ஒல்லி உடம்பைப் பார்த்துவிட்டு மாட்டிறைச்சியும் பாலுமாகக் கொடுத்துத் தேற்றினார். 1956 டிசம்பர் 24 அன்று, பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில், டெனிஸ் லா பெரியவர்களின் டீமில் இறங்கினார். 1958ல் ஸ்காட்லாந்து தேசிய டீம். வயது 18. முதல் மேட்சிலேயே கோல்.

*

1960 மார்ச்சில் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. விலை 55,000 பவுண்டு. பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் யாரும் கொடுக்காத தொகை. லாவுக்கு 20 வயது.

'ஆஹா, பையனுக்கு லாட்டரி' என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பணம் முழுக்க ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போனது. ஆட்டக்காரரின் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண்டுதான். அதற்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதியே இருந்தது! அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தாலும் ஆடுகிறவருக்கு 20 பவுண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு இடத்துக்குப் போகலாம். கொட்டகையில் கட்டிய மாடு மாதிரி. ஆட்டக்காரர்களின் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகு, 1961 ஜனவரியில்தான் அந்த உச்சவரம்பு ஒழிந்தது.

அதே ஜனவரி மாதம் 28ம் தேதி, டெனிஸ் லாவின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் நடந்தது. எஃப்.ஏ. கோப்பைப் போட்டி. லூடன் டவுன் மைதானத்தில் சிட்டி ஆடியது. செம மழை. லூடன் முதலில் இரண்டு கோல் போட்டுவிட்டது. அப்புறம் ஆரம்பித்தார் லா. ஒன்று, இரண்டு, மூன்று... வரிசையாக ஆறு கோல்! ஆறும் அவரே. சிட்டி 6, லூடன் 2.

மைதானம் சேறும் சகதியுமாகிவிட்டது. 69வது நிமிஷத்தில் ரெஃப்ரி விசிலை ஊதினார். இனி ஆட முடியாது, மேட்ச் ரத்து. விதிப்படி அந்த மேட்சே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. ஆறு கோலும் மழையோடு போச்சு.

நான்கு நாள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து ஆடினார்கள். லூடன் 3, சிட்டி 1. அந்த ஒரு கோலையும் அடித்தவர் லாதான். ஆனால் டீம் கோப்பையிலிருந்து வெளியே! ஏழு கோல் அடித்தும் தோற்றுப்போன மனிதர் வேறு யாராவது உண்டா தெரியுமா? எஃப்.ஏ. கோப்பையில் அவர் கணக்கு மொத்தம் 41. பிற்காலத்தில் லிவர்பூலின் இயன் ரஷ் 44 அடித்து முந்தினார். அந்த ஆறும் சேர்ந்திருந்தால் லாவுக்கு 47 ஆகியிருக்கும். மழைக்குக் கணக்குத் தெரியுமா என்ன?

*

அடுத்து இத்தாலி. 1961ல் டொரினோ கிளப் 1,10,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. ஒரே வருஷத்தில் விலை இரண்டு மடங்கு! பணம் இருந்தது, நிம்மதி இல்லை. அந்தக் காலத்து இத்தாலி ஃபுட்பாலில் கோல் போடுவதைவிட கோல் போடவிடாமல் தடுப்பதுதான் கலை. எங்கே போனாலும் இரண்டு பேர் நிழல் மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். 1962 பிப்ரவரியில் சக ஆட்டக்காரர் ஜோ பேக்கர் ஓட்டிய கார் கவிழ்ந்தது. பேக்கருக்குப் பலத்த அடி. லா சின்னக் காயங்களோடு தப்பினார்.

கடைசியில் ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். வந்த பதில்: 'உன்னை யுவென்டஸ் கிளப்புக்கு விற்கப் போகிறோம்.' உன் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அப்படி ஒரு வரி இருந்திருக்கிறது. லா பேசாமல் விமானம் ஏறி அபர்தீனுக்கு வந்துவிட்டார். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ரோஷம் இருந்தது.

இழுபறிக்குப் பிறகு 1962 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. 1,15,000 பவுண்டு. மறுபடியும் சாதனை விலை. வாங்கியவர் மேனேஜர் மாட் பஸ்பி. அவரும் ஸ்காட்லாந்துக்காரர். லாவைச் சின்னப் பையனாக ஹடர்ஸ்ஃபீல்டில் பார்த்தபோதே பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வாங்க ஆசைப்பட்டவர். நான்கு வருஷத்துக்கு முன், 1958 மியூனிக் விமான விபத்தில் பஸ்பியின் டீமில் எட்டு ஆட்டக்காரர்கள் இறந்திருந்தார்கள். அவரே சாவின் விளிம்பு வரை போய் வந்தவர். சாம்பலிலிருந்து புது டீம் கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் தேவைப்பட்டார்.

பஸ்பி போட்ட கணக்குத் தப்பவில்லை. 1963ல் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் லா கோல் அடித்தார், யுனைடெட் கோப்பையை வென்றது. 1963-64 சீசனில் மட்டும் 46 கோல். அந்த கிளப்பில் ஒரே சீசனில் அதைத் தாண்டியவர் இன்றுவரை யாரும் இல்லை. ரூனி, ரொனால்டோ எல்லாம் வந்து போய்விட்டார்கள், அந்த 46 அப்படியே நிற்கிறது. 1964ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான 'பாலன் தோர்' விருது. அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் இவர்தான். 1965லும் 1967லும் யுனைடெட் லீக் சாம்பியன்.

ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். ஆனால் தலையால் முட்ட எழும்பினால் காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டுக் கீழே வருவார் என்பார்கள். முழுக்கைச் சட்டையின் நுனியை விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்வது அவர் ஸ்டைல். கோல் போட்டதும் ஒரு கையை வானத்தை நோக்கி நீட்டி, ஒற்றை விரலை உயர்த்துவார். மான்செஸ்டர் பையன்கள் தெருவில் ஆடும்போதும் அதே மாதிரி விரலைத் தூக்கினார்கள்.

கோபமும் அதே அளவுக்கு வரும். 1967ல் அர்செனலின் இயன் யூருடன் மோதி ஆறு வாரம் சஸ்பெண்ட் ஆனார். அதற்கு முந்தைய வருஷம், சம்பளத்தை உயர்த்து, இல்லையென்றால் என்னை விற்றுவிடு என்று பஸ்பிக்குக் கடிதம் கொடுத்தார். பஸ்பி அசரவில்லை. 'சரி, இவர் விற்பனைக்கு' என்று அறிவித்துவிட்டார். ராஜா மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்துப் பற்றைச் சொல்லாமல் விட்டால் லாவின் கதை முடியாது. 1966 ஜூலை 30. லண்டனில் உலகக் கோப்பை ஃபைனல். இங்கிலாந்து ஆடுகிறது. நாடே டிவி முன்னால். லா என்ன செய்தார்? கோல்ஃப் ஆடப் போய்விட்டார். இங்கிலாந்து ஜெயிப்பதைப் பார்க்க மனசு வரவில்லை. இத்தனைக்கும் அந்த இங்கிலாந்து டீமில் பாபி சார்ல்டனும் நாபி ஸ்டைல்ஸும் யுனைடெட்டில் இவரோடு தினமும் ஆடுகிறவர்கள். கோல்ஃப் முடிந்து திரும்பினால், இங்கிலாந்து ஜெயித்த செய்தி காத்திருந்தது. போதாததற்கு கோல்ஃபிலும் தோல்வி!

அடுத்த ஏப்ரலில் கணக்குத் தீர்த்துக்கொண்டார். 1967 ஏப்ரல் 15, லண்டன் வெம்ப்ளி மைதானம். ஸ்காட்லாந்து 3, இங்கிலாந்து 2. முதல் கோல் லா. உலகச் சாம்பியனை ஜெயித்துவிட்டோம், ஆகவே இனி நாங்கள்தான் உலகச் சாம்பியன் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னமும் ஜோக் அடிக்கிறார்கள்.

*

முழங்கால்தான் காலை வாரியது. வலியோடே ஆடி ஆடி மூட்டுக் கெட்டுப்போனது. 1968 மே 29 அன்று யுனைடெட் முதல் தடவையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மியூனிக் விபத்துக்குப் பிறகு பத்து வருஷம் பஸ்பி காத்திருந்த ராத்திரி அது. டெனிஸ் லா எங்கே? மான்செஸ்டரில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு டீமும் சரிந்தது, பஸ்பியும் ஒதுங்கினார். மேனேஜர்கள் மாறினார்கள். 1972 கடைசியில் டாமி டாக்கர்ட்டி வந்தார். 1973 கோடையில் லாவைக் கழற்றிவிட முடிவு செய்தார்கள். கௌரவமாக விலகிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்ததாக லா பின்னாளில் சொன்னார். ஆனால் நடந்தது வேறு. சொந்த ஊர் அபர்தீனுக்குப் போயிருந்தபோது, தன்னை கிளப் விலையில்லாமல் விட்டுவிட்ட செய்தியை டிவியில்தான் தெரிந்துகொண்டார்.

55,000. அப்புறம் 1,10,000. அப்புறம் 1,15,000. கடைசியில் சைபர். ஃபுட்பால் சந்தையில் ஒரு மனிதனின் விலைப்பட்டியல் இது.

பழைய வீடான மான்செஸ்டர் சிட்டி அவரை அழைத்துக்கொண்டது. 33 வயசு, தேய்ந்த முழங்கால். ஆனாலும் கோல் போட்டார். இப்படித்தான் அந்த ஏப்ரல் 27 வந்தது.

குதிகாலால் தட்டிய அந்தக் கோலுக்குப் பிறகு ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். பஸ்பியே மைக்கைப் பிடித்து, தயவுசெய்து வெளியே போங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். கூட்டம் கேட்கவில்லை. மேட்ச் முடிய சில நிமிஷம் இருக்கும்போதே ரெஃப்ரி நிறுத்திவிட்டார். 1938லிருந்து முதல் டிவிஷனில் இருந்த டீம், ஐரோப்பியக் கோப்பையை வென்று ஆறே வருஷம் ஆன டீம், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இப்போது அந்தக் கணக்கு. அப்போதெல்லாம் ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1. அந்த சீசனில் கடைசி மூன்று டீம்கள் கீழே இறங்க வேண்டும். சிட்டியோடு மோதும்போது யுனைடெட் கையில் இருந்தது 32 புள்ளி. மீதி இரண்டே மேட்ச். இரண்டையும் ஜெயித்திருந்தால்கூட 36. அதே சனிக்கிழமை பர்மிங்காம் சிட்டி தன் மேட்சை ஜெயித்து 37க்குப் போய்விட்டது. ஆக, லா கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஏன், யுனைடெட்டே பத்து கோல் போட்டிருந்தாலும் கதை ஒன்றுதான். யுனைடெட் கீழே போயே தீர வேண்டும். அதைத் தள்ளியது குதிகால் இல்லை. அந்த சீசன் முழுக்கத் தோற்ற இருபது மேட்ச்.

ஆனால் ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டால் கணக்கை யார் பார்க்கிறார்கள்? 'ராஜாவே தன் ராஜ்யத்தைக் கவிழ்த்தார்' என்பதில் இருக்கும் ருசி, பர்மிங்காமின் 37 புள்ளியில் இல்லையே!

வேடிக்கை பாருங்கள். லூடனில் பாதியில் நின்ற மேட்ச். அடித்தது ஆறு கோல். ஒன்றும் செல்லாது என்றார்கள். ஓல்ட் டிராஃபோர்டிலும் பாதியில் நின்ற மேட்ச். அடித்தது ஒரே கோல். லீக் நிர்வாகம் யோசித்துவிட்டு, 1-0 என்ற முடிவு செல்லும் என்று அறிவித்தது. எதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாரோ அது அழிந்தது. எது அழிந்துபோனால் தேவலை என்று நினைத்தாரோ அது நிலைத்துவிட்டது.

லீக் ஆட்டங்களில் அவர் கால் பந்தைத் தொட்டது அதுவே கடைசித் தடவை. அந்த வாரக்கடைசியில் இருந்த மாதிரி மனச்சோர்வு தனக்கு வாழ்க்கையிலேயே அரிது என்று பிற்பாடு சொன்னார். முப்பத்து சொச்சம் வருஷம் கழித்து ஒரு நிருபர், அந்த வருத்தம் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார். அது நடந்து எத்தனை வருஷம் ஆச்சோ, அத்தனை வருஷமும் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது.

யோசித்துப் பார்த்தால், அவர் வருத்தப்பட வேண்டிய அவசியமே இல்லை. டிவி மூலம் வேலையை விட்டு அனுப்பிய கிளப் அது. வேறொருவராக இருந்தால் பழிவாங்கிவிட்டேன் என்று விரலை இன்னும் உயரத் தூக்கியிருப்பார். சம்பளம் கொடுக்கிற டீமுக்குக் கோல் போடுவது தொழில். அந்தத் தொழிலைக் கடைசி நிமிஷம் வரை ஒழுங்காகச் செய்தார். அதற்காகச் சந்தோஷப்படவும் வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் அவரைக் கட்டாயப்படுத்த முடியவில்லை.

யுனைடெட் ரசிகர்களுக்கும் அது புரிந்திருந்தது. அவரை யாரும் துரோகி என்று வைத்துக்கொள்ளவில்லை. டீம் ஒரே வருஷத்தில் முதல் டிவிஷனுக்குத் திரும்பிவிட்டது. லா அந்த 1974 ஜூனில் ஸ்காட்லாந்துக்காக உலகக் கோப்பையில் ஒரே ஒரு மேட்ச் ஆடினார், ஜைர் நாட்டுக்கு எதிராக. தேசிய டீமில் 55 மேட்ச், 30 கோல். ஆகஸ்டில் ஷூவைக் கழற்றி வைத்தார். 2008ல் ஓல்ட் டிராஃபோர்டு வாசலில் மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு சிலை வைத்தார்கள். ஜார்ஜ் பெஸ்ட், பாபி சார்ல்டன், நடுவே டெனிஸ் லா. 2021ல் அபர்தீனிலும் ஒரு சிலை வந்தது.

அதே 2021ல்தான் தனக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் வந்திருப்பதை அவரே வெளியே சொன்னார். ஒளித்து வைப்பதைவிடப் பேசுவதே நல்லது என்று நினைத்தார். ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019ல் ஒரு ஆய்வு வெளியிட்டிருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மூன்றரை மடங்கு அதிகம் என்றது அது. பந்தைத் தலையால் முட்டுவது பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

2025 ஜனவரி 17 அன்று, 84 வயதில் டெனிஸ் லா காலமானார். சிவப்புச் சட்டைக்காரர்களும் நீலச் சட்டைக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். அன்றைக்கு டிவியில் அந்தக் குதிகால் கோலை மறுபடி மறுபடி போட்டார்கள். எப்போதாவது அது உங்கள் கண்ணில் பட்டால், பந்து வலைக்குள் போவதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அடுத்த ஐந்து வினாடி, அவர் தொங்கவிட்டிருக்கும் அந்த இரண்டு கைகளையும் பாருங்கள்.